தெற்குக் காற்று என்று நான் சொன்னேன்

இரண்டாயிரத்து ஆறு, ஏழு வாக்கில் நடந்தது இது. திருவொற்றியூரில் ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் சந்து ஒன்றில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். மூன்று போர்ஷன் உள்ள மாடி வீடு. எல்லாருக்கும் பொதுவாக மேலே ஒரு மொட்டை மாடி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் சண்டைக்காரி. பஸ்ஸில் சில்லறை தராத கண்டக்டர் முதல் ஆபீஸ் மேனேஜர் வரை யாரையும் விட்டதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. இப்போது எழுதப்போவது பெருமைப்படுகிற விஷயம் இல்லை.

எங்கள் தெருவில் விடியற்காலையில் ஒரு நாற்றம் வரும். அழுகின முட்டையும் பெயின்ட் தின்னரும் கலந்த மாதிரி. எனக்கு இழுப்பு உண்டு. நாற்றம் வந்த அன்று மருந்தை வாயில் வைத்து இழுக்காமல் பல்கூட விளக்க முடியாது. மேற்கே மணலிப் பக்கம் பெரிய பெரிய ஆலைகள். வடக்கே எண்ணூர். தெற்கே, எங்கள் தெரு முனையிலேயே, ஒரு பேரல் பட்டறை. கெமிக்கல் வந்த பழைய பேரல்களை வாங்கி, கழுவி, நசுங்கினதைத் தட்டி எடுத்து, பெயின்ட் அடித்து விற்கிற இடம். யாரிடம் போய்ப் புகார் சொன்னாலும் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: எங்கிருந்து வருகிறது என்று தெரியுமா? தெரியாது. சந்துக்குள் காற்று சுவரில் முட்டி முட்டித் திரும்பும். நின்று மோந்து பார்த்தால் நாலு பக்கமும் நாறும். அந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு எனக்கு வெறியே பிடித்துவிட்டது. நிரூபித்துக் காட்டுகிறேன் என்று கிளம்பினேன்.

நான் அப்போது கன்டெய்னர் யார்டு ஒன்றின் ஆபீஸில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். யார்டில் கிரேன் ஓடும். காற்று பலமானால் கிரேனை நிறுத்த வேண்டும் என்பதால் காற்றை அளக்கிற கருவி ஒன்று வைத்திருந்தார்கள். புதிது வாங்கினதும் பழசை மூலையில் போட்டார்கள். சுற்றுகிற கிண்ணங்கள், திசை காட்டுகிற வால், மழை அளக்கிற டப்பா, எல்லாவற்றையும் படித்துச் சொல்கிற சின்னப் பெட்டி. கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்றும் கிடந்தது. இரண்டையும் மேனேஜரிடம் கேட்டு வாங்கி, ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

கம்ப்யூட்டரை அணைக்காமல் வீட்டிலேயே ஓடவிட்டால் அதற்குப் பெயர் சர்வர். பெரிய பெயர், ஓட்டைப் பெட்டி. அதில் லினக்ஸ் போட்டு, வானிலைக் கருவிகளுக்கென்று யாரோ எழுதி இலவசமாகக் கொடுத்திருந்த சாஃப்ட்வேரை இறக்கி, ஏற்றினேன். லேசில் ஏறவில்லை. இது இல்லை, அது இல்லை என்று திட்டும். கேட்டதைப் போட்டால் வேறொன்றைக் கேட்கும். கருவிப் பெட்டியிலிருந்து கேபிள் வழியாக ஒரு எண்ணாவது வராதா என்று வாரக்கணக்கில் உட்கார்ந்திருந்தேன். வந்தபோது கத்தியே விட்டேன். என் வீட்டுக்காரர் ஷாக் அடித்துவிட்டது என்று ஓடிவந்து மெயினை அணைத்தார். மறுபடி முதலிலிருந்து.

கருவியை மாடியில் பொருத்த எனக்கு ஏணி பிடித்தது பக்கத்து போர்ஷன் அக்கா. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அந்தப் பேரல் பட்டறையில்தான் வேலை. வாய் ஓயாது. "இன்னாமே, ஊரு காத்தெல்லாம் வூட்டுக்குள்ள புடிச்சாந்து வெக்கப்போறியா? எங்க போர்ஷனுக்கும் ரெண்டு கொடம் ஊத்து" என்று கீழே நின்று சிரித்துக்கொண்டே இருந்தார். எனக்கும் சிரிப்பு வந்து ஸ்பேனரை அவர் தலைக்குப் பக்கத்தில் நழுவவிட்டேன். அதற்கும் சிரித்தார்.

இங்கே ஒரு சின்ன விஷயம் சொல்ல வேண்டும். அந்தத் திசைக் கருவிக்கு ஒரு இரும்புக் கை உண்டு. அந்தக் கை வடக்கைப் பார்த்து இருக்கிறது என்று நினைத்துக்கொண்டுதான் கருவி திசை சொல்லும். எங்கள் மாடியில் பொருத்துவதற்கு இருந்த இடம் தண்ணீர்த் தொட்டியின் குழாய் ஒன்றுதான். அதில் வடக்கே நீட்டினால் கை தொட்டியில் இடித்தது. அதனால் கிழக்கே, கடலைப் பார்த்து நீட்டி முடுக்கினேன். பரவாயில்லை, சாஃப்ட்வேரில் திருத்தம் போட ஒரு இடம் உண்டு. இரும்புக் கை கிழக்கே கால் சுற்று திரும்பியிருக்கிறது, அதைக் கூட்டிக்கொள் என்று அங்கே சொல்லிவிட்டால் சரியாகக் காட்டும். போட்டேன். சரியாகத்தான் காட்டியது.

அந்தக் கோடையில் நாற்றம் அவ்வளவாக இல்லை, கரண்ட்தான் போய்ப் போய் வந்தது. ஒரு நாள் வந்த வேகத்தில் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. அதுவரை சேர்ந்ததெல்லாம் காலி. வேறு டிஸ்க் வாங்கிப் போட்டு, கரண்ட்காரனைத் திட்டிக்கொண்டே ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி ஏற்றினேன். கேபிள் சரி, எண் வருகிறது, படம் வருகிறது. எழுந்துபோய்ச் சாப்பிட்டேன். அந்தத் திருத்தத்தைப் போட மறந்துவிட்டேன்.

வெயில் காலம் முடிந்ததும் நாற்றம் மறுபடி ஆரம்பித்தது. நாற்றம் வந்த காலைகளில் காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடித்தது என்று சாஃப்ட்வேரிடம் கேட்டேன். அது ஒரு பூ மாதிரிப் படம் போடும். எந்தத் திசையிலிருந்து அதிகமாக அடித்ததோ அந்தப் பக்கத்து இதழ் நீளமாக இருக்கும். தெற்கே ஒரே நீள இதழ். தெற்கே என்றால் தெரு முனை. பேரல் பட்டறை.

அந்தப் பட்டறை எனக்கு ஏற்கெனவே ஆகாது. பேரல் ஏற்றிவரும் லாரி சந்தை அடைத்துக்கொண்டு நிற்கும். ஹாரன் அடிப்பான். இரண்டு தடவை டிரைவரின் சட்டையைப் பிடிக்கப் போயிருக்கிறேன். கேட்டைத் தாண்டி நடந்தாலே மூக்கைப் பிடிக்கத் தோன்றும், அதுவும் உண்மை. இதற்கு மேல் என்ன வேண்டும்? ஆபீஸ் பிரிண்டரில் அந்தப் பூவைக் கலரில் அடித்துக்கொண்டு வந்தேன்.

எங்கள் தெருவில் எல்லாரும் ஒன்றாகச் சேர்கிற இடம் தண்ணி லாரிதான். குடங்களோடு பாதித் தெரு நிற்கும்போது காகிதத்தை விரித்துக் காட்டி விளக்கினேன். கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது என்றதும் ஆம்பளைகளும் வந்து எட்டிப் பார்த்தார்கள். வரிசையில் நின்ற அக்கா மட்டும் காகிதத்தைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"நல்லா பாத்தியாமே? நாங்க பத்து பன்னண்டு பேரு அதுலதான் துன்னுகினு கீறோம்."

மெதுவாகத்தான் கேட்டார். நான் மெதுவாகப் பதில் சொல்லியிருக்கலாம். "உனக்கு அங்க சோறு. அதான் உனக்கு மட்டும் மூக்கு அடைச்சிகிச்சு" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அக்காவுக்குப் பின்னால் நின்ற பெண் தொண்டை கிழியச் சிரித்தது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. வாய் ஓயாத அக்கா வரிசையை விட்டு விலகினார். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, தண்ணீர் பிடிக்காமலே போய்விட்டார்.

அதே வாரம் தெருவே திரண்டு பட்டறை கேட்டுக்கு முன்னால் போய் நின்றது. காகிதத்தைப் பிடித்துக்கொண்டு நான் முன்னால். பட்டறைக்காரர் லுங்கியும் பனியனுமாக வெளியே வந்தார். கையெல்லாம் பச்சைப் பெயின்ட். கத்துவார் என்று நினைத்து நான் தயாராக வந்திருந்தேன். அவர் கத்தவில்லை. காகிதத்தை வாங்காமல், பெயின்ட் ஒட்டிவிடும் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து பார்த்தார்.

"இந்தப் பூவுல நான் எங்கம்மா இருக்கேன்?" என்று கேட்டார்.

தெற்கு இதழின் மேல் விரலை வைத்துக் காட்டினேன். அவர் தலையை ஆட்டினார். பின்னாலிருந்து யாரோ கல்லை எறிந்தார்கள். உள்ளே ஒரு பேரலில் பட்டு 'டங்'கென்று சத்தம் வந்தது. அவ்வளவுதான். கொஞ்ச நாளில் பேரல்களை எல்லாம் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். கேட்டில் பூட்டுத் தொங்கியது. தெருவில் எனக்கு மரியாதை கூடியது. லாரித் தண்ணீரில்கூட முதல் குடம் என்னுடையது.

பட்டறையில் இருந்தவர்கள் ஆளுக்கு ஒரு பக்கமாகப் போனார்கள். அக்கா காசிமேட்டில் இறால் உரிக்கப் போனார். இறாலை ஐஸிலேயே போட்டு வைத்திருப்பார்கள். அதிலேயே கையை விட்டு நாள் முழுக்க உரிக்க வேண்டும். மாடியில் துணி காயப்போட வரும்போது அவர் விரல்களைப் பார்த்தேன். வெளுத்து, ஊறி, நகக்கண்ணெல்லாம் கிழிந்திருந்தது. கிளிப் மாட்டவே சிரமப்பட்டார். நான் இருக்கிறேன் என்று தெரிந்தால் பாதித் துணியோடு இறங்கிவிடுவார்.

நாற்றம் நிற்கவில்லை. இதை எழுதத்தான் எனக்குக் கை கூசுகிறது. பட்டறை மூடின பிறகும் காலையில் நாறியது, எனக்கு இழுத்தது. அப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டாமா? தெருக்காரர்கள் கேட்டபோது, மண்ணில் ஊறின கெமிக்கல் அவ்வளவு சீக்கிரம் போகாது என்று சொன்னேன். எங்கும் படிக்கவில்லை. நானாகச் சொன்னேன். நம்பினார்கள்.

கண்டுபிடித்தது தற்செயலாகத்தான். ஒரு நாள் லீவு போட்டு வீட்டில் இருந்தேன். சர்வர் பெட்டியின் ஃபேன் கரகரவென்று கத்த ஆரம்பித்திருந்தது. கடற்கரை வீட்டில் உப்பும் தூசும் சேர்ந்து ஃபேனில் அப்பளம் மாதிரி ஒட்டிக்கொள்ளும். கழற்றித் துடைத்து, மறுபடி ஓடவிட்டு, எண்கள் ஒழுங்காக வருகின்றனவா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் தாண்டியிருக்கும். கம்ப்யூட்டர் இருந்த மேசை கிழக்கு ஜன்னல் ஓரம். கடல்காற்று ஆரம்பித்து ஜன்னல் திரை உப்பி வந்து என் மூஞ்சியில் அடித்தது. ஒரு கையால் அதை விலக்கிப் பிடித்துக்கொண்டு ஸ்கிரீனைப் பார்த்தேன். காற்று: வடக்கு.

எங்கள் ஊரில் மத்தியானக் காற்று கடலிலிருந்து வரும் என்று கைக்குழந்தைக்கும் தெரியும். எத்தனையோ வாரமாக இந்தப் பெட்டி தினமும் மத்தியானத்தில் வடக்கு, வடக்கு என்று பொய் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. நான் காலை நேரத்தைத் தவிர எதையும் பார்த்ததே இல்லை. எனக்கு வேண்டியது அதில் இருந்தது, அதோடு நிறுத்திவிட்டேன்.

செட்டிங்கைத் திறந்தேன். திருத்தம் போடும் இடத்தில் பூஜ்யம். அதைப் போட்டு, பழைய கணக்கையும் சேர்த்து மறுபடி படம் வரையச் சொன்னேன். பூ கால் சுற்றுச் சுற்றியது. தெற்கே இருந்த நீள இதழ் மேற்கே போய் நின்றது. தெரு முனையில் இல்லை. ரயில் பாதையைத் தாண்டி, தூரத்தில், மணலி ஆலைகளின் பக்கம்.

மாலை வீட்டுக்காரர் வந்ததும் சொன்னேன். காபியை ஆற்றிக்கொண்டே கேட்டார். "இப்ப சரியா காட்டுதுல்ல? வுடு. யாருக்குத் தெரியப்போவுது?" என்றார். நியாயமாகத்தான் இருந்தது. அந்தப் பூஜ்யத்தைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். இரண்டு நாள் அவர் பேச்சைக் கேட்டேன். மூன்றாம் நாள் மாடிப்படியில் அக்கா எதிரே வந்தார். என்னைப் பார்த்ததும் சுவரோடு ஒட்டி வழி விட்டார், எனக்குப் பயந்த மாதிரி. அவர் யாருக்கும் பயப்படுகிற ஆள் இல்லை. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அங்கேயே, படியிலேயே நிறுத்திச் சொன்னேன். காற்று தெற்கே இல்லை, மேற்கே. பட்டறை இல்லை. நான் ஒரு எண்ணைப் போட மறந்துவிட்டேன்.

திட்டுவார், அறைவார் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஈரத்துணி பக்கெட்டைக் கீழே வைத்தார்.

"என்னாண்ட இன்னாத்துக்கு சொல்லிகினு கீற? அன்னிக்கு சிரிச்சாங்களே, அவங்களாண்ட போய் சொல்லு."

மறுநாள் தண்ணி லாரிக்கு முன்னால் நின்று சொன்னேன். சண்டைக்கென்றால் என் குரல் தெரு முனை வரை கேட்கும். அன்று லாரிக் குழாயின் சத்தத்தை மீறி எழவில்லை. முன்னால் நின்றவர்கள் பின்னால் நின்றவர்களுக்குச் சொன்னார்கள். ஒருத்தர், "கம்ப்யூட்டரு சொல்லிச்சின்னியே? இப்ப அதே கம்ப்யூட்டரு மாத்திச் சொல்லுதா?" என்றார். "அது சொல்லல, நான்தான் தப்பா சொல்ல வெச்சேன்" என்றேன். சிரித்தார்கள். அதைத் தாங்கிக்கொண்டேன். வேறு சிலர் எனக்கு ஆறுதல் சொல்ல வந்தார்கள். போனா போவுது, அந்தப் பட்டறையும் நாறிச்சுதானே, லாரித் தொல்லை ஒழிஞ்சுது என்றார்கள். அதைத்தான் தாங்க முடியவில்லை. அக்கா காதில் எல்லாம் விழுந்தது. வரிசையில் நின்று, அவர் முறை வந்ததும் குடத்தை நிரப்பிக்கொண்டு போனார்.

பட்டறைக்காரரைத் தேடிக் கொருக்குப்பேட்டைக்குப் போனேன். ரயில்வே யார்டு பக்கத்தில் முன்பைவிடச் சின்ன இடத்தில் பேரல் தட்டிக்கொண்டிருந்தார். மாற்றி அடித்த காகிதத்தைக் கொடுத்தேன். இந்தத் தடவையும் கையை நீட்டவில்லை. பழைய ஆட்களோடு மறுபடி அங்கேயே வந்துவிடுங்கள், தெருவில் நான் பேசுகிறேன் என்று கெஞ்சினேன். கெஞ்சுவது எனக்குப் பழக்கம் இல்லை, சரியாகக்கூட வரவில்லை.

"நீ வந்து சொன்னதே போதும்மா. ஆனா கல்லு உட்டவன் வந்து சொல்லலியே. நாளைக்கு வேற எது நாறினாலும் மொதல்ல என் கேட்டாண்டதான் வருவாங்க" என்றார். திரும்பி வரமாட்டேன் என்று அதற்கு அர்த்தம். பழைய ஆட்களில் வர முடிந்தவர்கள் இங்கே வரட்டும், வேலை தருகிறேன் என்று மட்டும் சொல்லி அனுப்பினார். மூன்று பேர் போனார்கள். அக்கா போகவில்லை. இரண்டு பஸ் மாறிப் போய்வந்தால் வீட்டைப் பார்க்க முடியாது என்று வேறு ஒருத்தியிடம் சொன்னாராம். நாங்கள் அந்த வீட்டைக் காலி செய்கிற வரைக்கும் அவர் ஐஸில்தான் கையை விட்டுக்கொண்டிருந்தார். என்னிடம் பேசினார். பேசாமல் இல்லை. மோட்டார் போட்டாச்சா, கேஸ் வண்டி வந்துச்சா என்று கேட்பார். ஆனால் கேலி செய்வதை நிறுத்திவிட்டார். நான் தடுக்கி விழுந்தபோதுகூடச் சிரிக்கவில்லை.

இதோடு முடிந்திருந்தால்கூட என் குற்றம் பத்துப் பன்னிரண்டு குடும்பத்தோடு, ஒரு பட்டறையோடு நின்றிருக்கும். மேற்கே நீண்ட இதழோடு சரியான காகிதத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். இப்போது தெரியும், எங்கே போய்க் கேட்க வேண்டும் என்று தெரியும், வாருங்கள் என்றேன். ஒருத்தரும் வரவில்லை. போன தடவையும் இப்படித்தான் பூவைக் காட்டினாய் என்றார்கள். மணலிக்குத் தனியாகப் போனேன். ஆலையின் பெரிய கேட்டில் காவலாளி உள்ளே விடவில்லை. காகிதத்தைப் பார்க்கக்கூட இல்லை. வெயிலில் அந்த நீள மதிலை ஒட்டித் திரும்பி நடந்து வந்தேன். சர்வர் அதற்குப் பிறகு சரியாகத்தான் ஓடியது. யாருக்கும் வேண்டாத உண்மையை ஒவ்வொரு காலையும் தப்பில்லாமல் எழுதி வைத்தது.

எண்ணை மறந்தது தப்புதான். ஆனால் என்னைத் தின்பது அது இல்லை. யாரும் மறப்பார்கள். தெற்கு என்று ஸ்கிரீனில் பார்த்த அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதுதான் தின்கிறது. ஏன் சந்தோஷம் என்று அந்த மதிலோரம் நடக்கும்போதுதான் புரிந்தது. அவ்வளவு பெரிய கேட்டுக்கு முன்னால் போய் நிற்க எங்களுக்குத் துணிச்சல் இல்லை. எங்களால் போய் நிற்க முடிந்த கேட், பெயின்ட் கையோடு ஒருத்தர் திறந்துவந்த அந்தச் சின்ன கேட் ஒன்றுதான். இன்றைக்கும் நான் சண்டைக்காரிதான், மாறவில்லை. ஆனால் கோபம் வரும்போதெல்லாம், குற்றவாளி என்று நான் கை நீட்டுகிற ஆள் தப்பு செய்தவரா, இல்லை என் கைக்கு எட்டியவரா என்ற கேள்வியும் கூடவே வருகிறது.